பிராட்பேண்ட், டிவி பில்லுக்குத் தாமதக் கட்டணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு இணைய பில்லையும் டிவி பில்லையும் கெடு தாண்டிக் கட்டினால் எவ்வளவு கூடும், ஏன் கூடும், தவறாகப் போட்டிருந்தால் எப்படித் திரும்ப வாங்குவது என்று குடியிருப்போர் சங்கத்தில் ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். பெரும்பாலும் கையில் பணம் இல்லாமல் அபராதம் கட்டுகிறவர்கள் இல்லை. தேதி தெரியாமலோ, ஆட்டோபே (கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் வசதி) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோ கட்டுகிறவர்கள்தான் அதிகம். அதனால் பதில்களும் பெரும்பாலும் தேதிகளைப் பற்றியே இருக்கும்.

தாமதக் கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்? அரசு விலை ஏதாவது உண்டா?

கிடையாது. இந்தியாவில் பிராட்பேண்ட் கட்டணங்களை அந்தந்த நிறுவனமே வைத்துக்கொள்ளலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விட்டுவிட்டது. இணைப்பின் மாத வாடகைக்கு உள்ள அதே சுதந்திரம் தாமதக் கட்டணத்துக்கும் உண்டு. ஆனால் வைத்ததை மறைக்கக் கூடாது. எந்தத் திட்டத்துக்கு என்னென்ன கட்டணம் என்பது அவர்கள் வெளியிடும் விவரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் இணைப்பு வாங்கும்போது "ஏற்கிறேன்" என்று தட்டிய விதிமுறைகளுக்குள்ளும் அது எங்காவது ஒளிந்திருக்கும்.

நடைமுறையில் மூன்று மாதிரி பார்க்கலாம். ஒரு நாள் தாமதமோ இருபது நாள் தாமதமோ, ஒரே தொகை என்பது ஒன்று. பாக்கி எவ்வளவோ அதற்கேற்ப படிப்படியாக ஏறுவது இன்னொன்று. பாக்கியில் இத்தனை சதவீதம், குறைந்தபட்சம் இத்தனை ரூபாய் என்பது மூன்றாவது. உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்கள் அதைப் பொறுத்து மாறும்.

ஐந்து நாள்தான் தாமதம். இவ்வளவு தொகை நியாயமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 799 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 942 ரூபாய் 82 காசு. தாமதக் கட்டணம் நூறு ரூபாய் என்றால் அதற்கும் வரி சேர்ந்து 118. ஐந்து நாளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை ரூபாய் விழுகிறது. ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 900 சதவீதத்தைத் தாண்டும். மீட்டர் வட்டிக்காரர்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

ஆனால் இதை வட்டியாக யாரும் கணக்குப் பண்ணவில்லை என்பதுதான் விஷயம். ஒரே தொகை முறையில் ஐந்தாம் நாளும் இருபதாம் நாளும் ஒன்றே. கெடு தாண்டிவிட்டது, அபராதம் எப்படியும் விழப்போகிறது என்றால், பதறிப்போய் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்துக் கட்ட வேண்டியதில்லை. அதற்குத் தனி வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இணைப்பைத் துண்டிக்கும் தேதிக்கும், அடுத்த பில் போடும் தேதிக்கும் முன்னால் கட்டினால் போதும். அடுத்த பில்லையும் தாண்டினால் இன்னொரு தாமதக் கட்டணம் ஏறும். படிப்படி முறை என்றால் கதை வேறு. கையில் இருப்பதை கெடுவுக்குள் கட்டி பாக்கியைக் குறைத்தாலே கீழ்ப்படிக்கு இறங்கலாம்.

அபராதத்துக்குமா ஜி.எஸ்.டி.?

ஆமாம், சட்டப்படியே. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம், 15-ஆம் பிரிவு, தாமதமாகப் பணம் கட்டியதற்காக வாங்கும் வட்டி, தாமதக் கட்டணம், அபராதம் எல்லாவற்றையும் சேவையின் மதிப்போடு சேர்க்கச் சொல்கிறது. எனவே இதை எதிர்த்து நிறுவனத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் அதன் மேல் போட்ட வரியும் சேர்ந்தே போக வேண்டும். நூறு ரூபாயைக் கழித்துவிட்டு 18 ரூபாயை அப்படியே விட்டிருக்கிறார்களா என்று அடுத்த பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாத பில்லை முதல் நாளே கட்டினேன். பிறகு எப்படி தாமதக் கட்டணம் வந்தது?

அது போன மாதத்துக்கானது. தாமதக் கட்டணம் அநேகமாக அடுத்த பில்லில்தான் ஏறும். நீங்கள் தாமதித்தது ஜூனில், அச்சில் வருவது ஜூலையில். நடுவில் ஒழுங்காகக் கட்டியதால் மனசாட்சி சுத்தமாக இருக்கும், பில்லைப் பார்த்ததும் கோபம் வரும்.

இதைப் பிடிக்க பில்லின் முதல் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை நிதானமாகப் படித்தால் போதும். முதலில் பில் தேதி, அப்புறம் கெடு தேதி. 3-ஆம் தேதி பில், 18-ஆம் தேதி கெடு என்பது போல இருக்கும். அடுத்து ஒரு சின்னக் கட்டம்: முந்தைய பாக்கி, நீங்கள் கட்டியது, சரிக்கட்டியது, இந்த மாதக் கட்டணம், மொத்தம். "முந்தைய பாக்கி"யும் "நீங்கள் கட்டியது"ம் ஒரே எண்ணாக இருந்தால் கணக்கு நேர். வேறுபட்டால் அங்கேதான் சிக்கல். உள்பக்கத்தில் இந்த மாதக் கட்டணத்தைப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். வாடகைக்குக் கீழே "இதர கட்டணங்கள்" என்ற தலைப்பில் தாமதக் கட்டணம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். கட்டியது எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். பஞ்சாயத்துக்கு உங்களுக்குத் தேவையான ஒரே தேதி அதுதான்.

இன்னொன்று. பல திட்டங்களில் வாடகை முன்கூட்டியே வாங்கப்படுகிறது. ஜூலை 3-ஆம் தேதி பில்லில் இருப்பது ஜூலை மாதத்து வாடகை, ஜூன் மாதத்தது அல்ல. "உபயோகிக்காத மாதத்துக்கு அபராதமா" என்று கேட்பதற்கு முன் பில் காலம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று பார்த்துவிடுங்கள்.

கெடு தேதியன்றே கட்டினேன். ரசீதும் இருக்கிறது. அப்படியும் அபராதம் போட்டிருக்கிறார்களே?

நீங்கள் பணம் அனுப்பிய நேரம் வேறு, அவர்கள் கணக்கில் அது வரவான நேரம் வேறு. நிறுவனத்தின் சொந்த செயலியில் கட்டினால் பெரும்பாலும் உடனே ஏறிவிடும். வேறு செயலி, வங்கியின் பில் கட்டும் பக்கம், தெருமுனை ரீசார்ஜ் கடை என்று போனால் ஒரு நாள் பிந்தலாம். காசோலை என்றால் அது பணமாகும் நாள்தான் கணக்கு. விதிமுறைகளில் "எங்களுக்குக் கிடைத்த தேதி" என்று எழுதியிருந்தால் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்குக் கட்டுவது சூதாட்டம்தான்.

ஆனால் அவர்கள் ஏற்படுத்திக்கொடுத்த வழியிலேயே கெடுவுக்குள் கட்டி, வெற்றி என்று செய்தியும் வந்திருந்தால், தாமதம் உங்களுடையது அல்ல. பரிவர்த்தனை எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். இந்த மாதிரி கோரிக்கைகள் பெரும்பாலும் முதல் அழைப்பிலேயே முடிந்துவிடும்.

யு.பி.ஐ.யில் பணம் போய்விட்டது, பில் மட்டும் கட்டப்படவில்லை என்று காட்டுகிறது. திரும்பக் கட்டலாமா?

கெடு நெருங்கிவிட்டது என்றால் கட்டிவிடுங்கள். முதல் பணம் எங்கேயும் ஓடாது. கணக்கில் பிடித்த பணம் வாங்க வேண்டிய நிறுவனத்துக்குச் சேர்ந்ததாக உறுதியாகவில்லை என்றால் பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதைத் தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. ஒருவேளை இரண்டு பணமும் நிறுவனத்துக்கே போயிருந்தால் அது அடுத்த பில்லில் கழியும்.

ஆட்டோபே போட்டிருந்தும் கெடு தாண்டிவிட்டது. யார் பொறுப்பு?

பெரும்பாலும் நாம்தான் என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஆட்டோபே அறுந்துபோகும் இடங்கள் சில உண்டு. கார்டு காலாவதியாகி புதுக் கார்டு வந்திருக்கும், பழைய அனுமதி பழைய கார்டோடு போயிருக்கும். கணக்கில் அன்றைக்கு இருப்பு குறைந்திருக்கும். திட்டத்தை மாற்றியதில் பில் தொகை நீங்கள் வைத்த உச்சவரம்பைத் தாண்டியிருக்கும். அல்லது ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டும் திட்டத்துக்கு மாறி, தொகை 15,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 வரைதான் ஓ.டி.பி. இல்லாமல் பிடிக்க முடியும். அதற்கு மேல் போனால் நீங்கள் கைப்படச் சம்மதிக்க வேண்டும்.

அதே விதி உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறது. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை யாரும் படிப்பதில்லை. கெடு நெருங்கியும் அது வரவில்லை என்றால் ஆட்டோபே உயிரோடு இல்லை என்று அர்த்தம். தேடிப் போய்க் கட்டிவிடலாம்.

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் முறையில் இருப்பு இல்லாமல் திரும்பினால் அடி இரண்டு பக்கமும் விழும். வங்கி தன் பங்குக்குச் சில நூறு ரூபாய் எடுக்கும், நிறுவனம் தாமதக் கட்டணம் போடும். சம்பளம் 1-ஆம் தேதி வருகிறது, பணம் பிடிப்பது 29-ஆம் தேதி என்றால், அந்த அமைப்பு மாதாமாதம் உங்களைக் காலை வாரிக்கொண்டே இருக்கும்.

டி.டி.எச்.சுக்கும் தாமதக் கட்டணம் உண்டா?

இல்லை. மாடியில் டிஷ் வைத்த டி.டி.எச். இணைப்புகள் பெரும்பாலும் முன்பணம் கட்டும் முறை. இருப்பு தீர்ந்தால் படம் நிற்கும், அவ்வளவுதான். கடன் இல்லாத இடத்தில் அபராதம் ஏது? கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும்போது நின்றால் அதுவே பெரிய தண்டனை என்பது வேறு விஷயம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊருக்குப் போகிறோம், இரண்டு மாதம் வேண்டாம் என்று தற்காலிகமாக நிறுத்தச் சொன்னால், மீண்டும் தொடங்குவதற்கு ஒரு கட்டணம் கேட்கலாம். இதற்கு முன்பு டிராய் உச்சவரம்பு வைத்திருந்தது. 2024 ஜூலையில் கொண்டுவந்த திருத்தத்தில் நிறுவுதல், வீட்டுக்கு வந்து பார்த்தல், இடம் மாற்றுதல், தற்காலிக நிறுத்தம் ஆகியவற்றுக்கான வரம்பை எடுத்துவிட்டு, நிறுவனங்கள் தாங்களே வைத்து வெளியிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. அதனால் நிறுத்தும் முன்பே "திரும்பப் போட எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேபிள்காரர் "ரெண்டு மாசம் நிக்குது" என்று சொல்லி நூறு ரூபாய் கூடக் கேட்கிறார். கொடுக்கலாமா?

எதற்கு என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். ரசீதில் எழுத மறுத்தால் கொடுக்காதீர்கள்.

கேபிள் டிவியில் தாமதக் கட்டணம் என்ற பழக்கமே நம் ஊரில் பெரிதாக இருந்ததில்லை. சுவரில் ஆணியில் தொங்கும் அட்டை, மாதத்துக்கு ஒரு கட்டம், பணம் வாங்கியதும் ஒரு கிறுக்கல் கையெழுத்து. "அக்கா, அடுத்த மாசம் சேர்த்துக் குடுங்க" என்று அவரே சொல்லிவிட்டுப் போவார். 2007-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011-இல் மறுபடி உயிர்பெற்று மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்த காலத்தில், எழுபது ரூபாய்க்கு என்ன அபராதம் போடுவது?

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. 2019 பிப்ரவரியில் டிராயின் புதிய கட்டண முறை வந்தது. அடிப்படைக் கட்டணம் உச்சபட்சம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டணச் சேனல்களின் விலை. அந்த 130 ரூபாய் வரம்பும் 2024 ஜூலைத் திருத்தத்தோடு போய்விட்டது. இப்போது தெருவில் கம்பி இழுத்த ஆபரேட்டர், மேலே இருக்கும் பெரிய நிறுவனத்துக்குப் பெட்டிக்கு இத்தனை என்று கட்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் கொடுக்காவிட்டால் அவர் கைக்காசு போகும். அதனால்தான் முன்பெல்லாம் மூன்று மாதம் பொறுத்தவர் இப்போது பத்தாம் தேதியே கைப்பேசியிலிருந்து பெட்டியை நிறுத்திவிடுகிறார்.

அவர் பக்க நியாயம் அது. உங்கள் பக்கம் என்னவென்றால், கட்டும் ஒவ்வொரு தடவைக்கும் ரசீது கிடைக்க வேண்டும். அட்டையில் போடும் கையெழுத்து ரசீது ஆகாது, ஆனால் ரசீது இல்லாத வீட்டில் அதுவே சாட்சி. அட்டையை வருடம் முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி நின்றிருந்த நாட்களுக்கும் சேர்த்துப் பாக்கி கேட்டால், "படமே வராத பதினைந்து நாளுக்கு எதுக்குண்ணே?" என்று தாராளமாகக் கேட்கலாம். நேரில் பேசித் தீர்க்க முடிகிற ஒரே பில் இதுதான்.

நெட் பத்து நாள் வேலை செய்யவில்லை. பில்லைக் கட்டாமல் நிறுத்திவைத்தேன். இப்போது அபராதமும் போட்டுவிட்டார்கள்.

கோபம் நியாயம், வழி தப்பு. நீங்கள் ஏன் கட்டவில்லை என்பது கணினிக்குத் தெரியாது. கெடு தாண்டியதும் அது போட வேண்டியதைப் போட்டுவிடும். கட்டாமல் இருப்பதை எதிர்ப்பாகக் காட்டினால், அவர்கள் குறையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் உங்கள் பாக்கியைப் பற்றிப் பேச்சு போய்விடும்.

முதலில் புகார் எண் வாங்குங்கள். நெட் நின்ற அன்றே வாங்க வேண்டும், பில் வந்த பிறகு அல்ல. புகார் பதிவான நாளிலிருந்து சரியான நாள்வரை வாடகையைக் கழிக்கச் சொல்லி மின்னஞ்சல் எழுதுங்கள். பில்லில் சர்ச்சை இல்லாத பகுதியை கெடுவுக்குள் கட்டி, "மீதி இத்தனை ரூபாய் இந்தப் புகார் எண் தொடர்பாக நிலுவையில் இருக்கிறது, அதன் மேல் தாமதக் கட்டணம் போட வேண்டாம்" என்று அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள். சில நிறுவனங்களின் கணினி, பகுதித் தொகையை ஏற்றுக்கொண்டாலும் மீதிக்கு அபராதம் போடத்தான் செய்யும். ஆனால் பிறகு தள்ளுபடி கேட்கும்போது உங்கள் கையில் எழுத்து இருக்கும்.

தள்ளுபடி கேட்டால் கொடுப்பார்களா? எப்படிக் கேட்பது?

கொடுப்பார்கள், ஒரு தடவை. பல நிறுவனங்களில் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கே சிறு தொகையைக் கழிக்கும் அதிகாரம் உண்டு. நீங்கள் இரண்டு மூன்று வருடமாக ஒழுங்காகக் கட்டுகிறவர் என்றால் நூறு ரூபாய்க்காக உங்களை இழக்க யாரும் விரும்ப மாட்டார்கள். தெருவில் இன்னும் நான்கு நிறுவனங்களின் கம்பி தொங்குகிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் வித்தியாசம். "என்ன சார் கொள்ளையடிக்கிறீங்க?" என்று தொடங்கினால், எதிர்முனையில் இருக்கிற இருபத்திரண்டு வயதுப் பையன் மனப்பாடம் செய்த வரியை ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "தம்பி, பாக்கி முழுக்கக் கட்டிட்டேன். இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தாமதம் ஆனதில்ல, கணக்குல பாருங்க. இந்த ஒரு தடவை லேட் ஃபீயை எடுத்துவிட முடியுமா?" அவர் முடியாது என்றால், "சரிப்பா, யாருக்கு அந்த அதிகாரம் இருக்கோ அவங்களுக்கு மாத்தி விடுங்க" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம்.

பாக்கியை முதலில் கட்டிவிட்டுக் கேட்பது முக்கியம். பாக்கியோடு கேட்டால் பேரம் மாதிரி இருக்கும். இரண்டாவது, எடுத்துவிட்டோம் என்று சொன்னால் வாய்வார்த்தையை நம்பி வைத்துவிடாமல் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது, அந்த அபராதம் வந்த பில் காலத்துக்குள்ளேயே கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தையதைத் தோண்டினால் அநேகமாகக் கிடைக்காது.

எத்தனை நாளில் இணைப்பைத் துண்டிப்பார்கள்?

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். வரிசை மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் நினைவூட்டல் செய்திகள், அடுத்து வேகம் குறையும் அல்லது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பில் பக்கம் வந்து நிற்கும், அதற்கடுத்து முழு நிறுத்தம், கடைசியில் கணக்கை மூடுதல். முழு நிறுத்தம் வரை பணம் கட்டினால் சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். மூடிய பிறகு என்றால் புது இணைப்புக் கணக்கு. நிறுவல் கட்டணம் கேட்கலாம், லேண்ட்லைன் எண் சேர்ந்திருந்தால் அதுவும் போகலாம்.

நிறுத்தி வைத்திருக்கும் நாட்களுக்கும் வாடகை ஓடுகிறதா என்று பாருங்கள். சில திட்டங்களில் ஓடும். சேவையே இல்லாத நாட்களுக்கு வாடகையும், அதன் மேல் தாமதக் கட்டணமும் கேட்டால் அதைக் கண்டிப்பாக எதிர்த்து எழுதலாம்.

வீடு மாறினோம். கம்பியைப் பிடுங்கிவிட்டோம். பில் வந்துகொண்டே இருக்கிறது.

கம்பியைப் பிடுங்கினால் இணைப்பு மூடாது. மூடும்படி எழுத்தில் கோரிக்கை கொடுத்து, அதற்கு எண் வாங்கி, ரவுட்டரையும் பெட்டியையும் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கினால்தான் கதை முடியும். ரவுட்டரை எடுக்க யாரும் வராவிட்டால் அவர்களுடைய அலுவலகத்தில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி பில்லில் தாமதக் கட்டணத்துக்குப் பக்கத்தில் ரவுட்டர் விலையும் வந்து நிற்கும். முன்வைப்புத் தொகை கட்டியிருந்தால் பாக்கி போக மீதியைத் திரும்பக் கேளுங்கள். தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

பாக்கி வைத்தால் சிபில் மதிப்பெண் குறையுமா?

நாலு நாள் தாமதத்தால் குறையாது. ஆனால் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் உறுப்பினராக இருக்கலாம். சிபில் அறிக்கையில் கைப்பேசி, லேண்ட்லைன், பிராட்பேண்ட் என்று தனித்தனிக் கணக்கு வகைகளே உண்டு. கட்டாமல் விட்டுவிட்ட பழைய பில் "வசூலாகாமல் கைவிட்டது" என்று அங்கே பதிவாகி, பல வருடம் கழித்து வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது வங்கி மேலாளர் எடுத்துக் காட்டலாம். ஆயிரம் ரூபாய் பாக்கியாக இருந்தாலும் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் கேட்கவே மாட்டேன் என்கிறது. எங்கே போவது?

நேராக டிராயிடம் போகாதீர்கள். தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. 2012-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு படி வைத்திருக்க வேண்டும். முதலில் புகார் மையம், அங்கே பதிவு எண். தீர்வு கிடைக்காவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு வெளியே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கே புகார் போனதுமே சில நிறுவனங்கள் தாங்களாகக் கூப்பிட்டுப் பேசுவதுண்டு.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கே பலருக்கு ஒரு பழைய சந்தேகம் இருக்கிறது: தொலைபேசி விவகாரத்தை நுகர்வோர் நீதிமன்றம் எடுக்காது என்று. அது காற்றில் வந்த வதந்தி இல்லை. பில் கட்டாததால் தொலைபேசியைத் துண்டித்த ஒரு வழக்கில், கோழிக்கோடு மாவட்ட நுகர்வோர் மன்றம் இணைப்பைத் திரும்பக் கொடுக்கவும் 5,000 ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அது உச்ச நீதிமன்றம்வரை போனது. 2009-இல் உச்ச நீதிமன்றம், 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலேயே தகராறை நடுவர் தீர்க்கும் முறை இருக்கிறது, நுகர்வோர் மன்றம் இதில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. பல வருடம் நிறுவனங்கள் இந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்திருந்தன.

2022 பிப்ரவரி 16 அன்று அது மாறியது. சராசரியாக மாதம் 555 ரூபாய் பில் வந்துகொண்டிருந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரே மாதத்தில் 24,609 ரூபாய் பில் வந்த வழக்கு அது. தொலைத்தொடர்பும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான், தந்திச் சட்டத்தின் நடுவர் முறை அந்த உரிமையைப் பறிக்காது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்கும் உரிமையைத் தொடாமல் விட்டிருக்கிறது.

மாவட்ட ஆணையத்தில் நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் 118 ரூபாய்க்காக இத்தனை தூரம் போவதா என்பது உங்கள் பொழுதைப் பொறுத்தது. மாதாமாதம் தவறாக ஏற்றிக்கொண்டே போகிறார்கள், இணைப்பையும் துண்டித்து வேலையைக் கெடுத்துவிட்டார்கள் என்றால் போகலாம்.

அபராதத் தொகை அதிகம் என்பதையே காரணமாகக் காட்டி எதிர்க்க முடியுமா?

முடியும், ஆனால் எளிதல்ல. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் அபராதமாக ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்றது என்று கணக்கில் எடுக்கிறது. ஐந்து நாள் தாமதத்தால் நிறுவனத்துக்கு 118 ரூபாய் நஷ்டம் வந்திருக்காது என்பது யாருக்கும் தெரியும். தனி ஒருவர் சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். மேல்முறையீட்டு மனுவில் ஒரு வரியாக எழுதி வையுங்கள், கெடுதல் இல்லை.

"பில் பாக்கி, இன்று இரவு 9 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று செய்தி வந்தது.

அழைக்காதீர்கள். நிறுவனத்தின் செயலியைத் திறந்து பாக்கி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பத்து ரூபாய் கட்டச் சொல்லி இணைப்பு அனுப்பினாலும், திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னாலும் மோசடிதான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் போகாவிட்டாலும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்‌ஷு பகுதியில் அந்த எண்ணைப் பதிந்துவிடலாம்.

பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். பில் அப்பா கைப்பேசிக்குப் போகிறது, அவர் பார்ப்பதில்லை.

இது இப்போது வீட்டுக்கு வீடு இருக்கும் கதை. அப்பா எண்ணை மாற்ற வேண்டாம், நிறுவனத்திலிருந்து ஆள் வரும்போது ஓ.டி.பி. அவரிடம்தான் இருக்க வேண்டும். பில் போகும் மின்னஞ்சலை மட்டும் உங்களுடையதாக மாற்றுங்கள். முடிந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பணம் கட்டும் திட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். அதில் தாமதம் என்ற பேச்சே இல்லை, சில நிறுவனங்கள் கொஞ்சம் தள்ளுபடியும் தருகின்றன. ஆனால் அந்த நிறுவனம் தெருவில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஓரிரு மாதம் பார்த்த பிறகு கட்டுங்கள். முன்பணத்தைத் திரும்ப வாங்குவது லேசான காரியமல்ல.

நெட், டிவி, கைப்பேசி மூன்றும் ஒரே பில்லில் வருகிறது. நல்லதா?

ஒரு கெடு தேதியை நினைவு வைத்தால் போதும் என்பது நல்லது. கெடு தாண்டினால் மூன்றும் சேர்ந்து நிற்கலாம் என்பது கெட்டது. கைப்பேசியும் நின்றால் வங்கி ஓ.டி.பி. வராது, பில் கட்டவும் முடியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான். வீட்டில் ஒருவருடைய எண்ணையாவது அந்தக் கூட்டில் சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு தேதியையே மாற்றிக் கேட்கலாமா?

கேட்கலாம். சில நிறுவனங்கள் பில் சுழற்சியை மாற்றித் தருகின்றன. மாறும் மாதத்தில் மட்டும் பில் ஒன்றரை மாதத்துக்கோ பதினைந்து நாளுக்கோ வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சம்பளத் தேதிக்கு ஒரு வாரம் கழித்துக் கெடு விழும்படி கேளுங்கள். மாற்ற முடியாது என்றால், இணைப்பைப் புதிதாக எடுக்கும் நாளை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பல இடங்களில் இணைப்பு கொடுத்த தேதியை வைத்துத்தான் பில் தேதி அமைகிறது.